நரை வந்த பின் புரவி: வாசகர் கேள்வி பதில்

நடுவயதிலும் அதற்குப் பின்னும் குதிரையேற்றம் பழகுவது குறித்துக் கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களுள் பல ஒரே தயக்கத்தை வெவ்வேறு சொற்களில் வெளியிட்டிருந்தமையால், அவற்றைச் சேர்த்தும் சுருக்கியும் இங்கே தந்திருக்கிறோம். பதிலளிப்பவர் தம் 47ஆவது வயதில் முதன்முதலாகச் சேணத்தில் அமர்ந்தவர். அதன்பின் பதினாறு ஆண்டுகளாகக் குதிரைகளோடு பழகி வருபவர்.

ஐயா, எனக்கு 58 வயது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சிறுவயது முதலே குதிரை ஏற வேண்டும் என்ற ஆசை உண்டு. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மருந்தில் கட்டுப்பட்டிருக்கின்றன. இந்த வயதில் தொடங்குவது பேதைமையா?

பேதைமை இல்லை, அம்மா. ஆனால் வீட்டாரின் சிரிப்புக்குள் ஒரு கவலையும் ஒளிந்திருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது.

வயதைப் பற்றிய கேள்விக்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் பெயர் ஜப்பானியரான ஹிரோஷி ஹோகெட்ஸு. அவர் 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 23 வயதிலும், 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 71 வயதிலும் குதிரையேற்றப் போட்டியில் கலந்துகொண்டவர். அவருக்கும் முன்பு, 1936ஆம் ஆண்டு பெர்லினில் ஆஸ்திரியாவின் ஆர்தர் ஃபான் போங்ராட்ஸ் 72 வயதில் களமிறங்கியிருக்கிறார். இவர்களெல்லாம் இளமையிலிருந்தே சேணத்தில் வளர்ந்தவர்கள் என்பதால், இவர்களைக் காட்டி உங்களுக்குத் தைரியம் சொன்னால் அது முழு நேர்மையாகாது. ஓடும் வேலையைக் குதிரை பார்த்துக்கொள்ளும்போது ஏறுபவரிடம் எஞ்சும் வேலை சமநிலையும் நேரக்கணிப்பும் அமைதியான கையுமே என்பதும், அவை எழுபதிலும் கைவிட்டுப் போய்விடுவதில்லை என்பதும் மட்டுமே இவர்களால் நமக்குத் தெரிய வருகின்றன.

இனி கவலையின் பக்கத்துக்கு வருவோம். நடுத்தர உயரமுள்ள ஒரு குதிரைமீது நீங்கள் அமர்ந்தால் உங்கள் தலை தரையிலிருந்து ஏழு அடிக்கு மேல் இருக்கும். அங்கிருந்து விழும் இருபது வயதுப் பெண் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடலாம். மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி குறைந்த ஒருவருக்கு அதே விழுதல் இடுப்பெலும்பு முறிவாக முடியலாம். ஆகவே எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒன்றை முதலில் செய்துகொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவராக இருந்தால் அதை மருத்துவரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள்; அம்மருந்தை உட்கொள்பவருக்குத் தலையில் படும் சாதாரண அடிகூட உட்கசிவாக மாறக்கூடும். இரத்த அழுத்த மருந்துகளில் சில, சட்டென எழும்போது தலைசுற்றலைத் தரும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. சுவரருகே நின்று, கையைச் சுவரில் வைக்காமல், ஒற்றைக் காலில் எத்தனை நொடி நிற்க முடிகிறதென்று எண்ணிப் பாருங்கள். பத்து நொடிக்குள் தடுமாறுகிறீர்கள் என்றால் லாயத்துக்குப் போகுமுன் இரண்டு மாதம் இதையே தினமும் பழகுங்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். பல் துலக்கும் நேரம் முழுவதும் கொக்கைப் போல் நின்றேன்.

பயிற்சிப்பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் நாளே உங்களைச் சேணத்தில் ஏற்றி உட்கார வைத்துவிடும் இடத்தைவிட, முதல் மணி நேரத்தைத் தரையில் செலவிட வைக்கும் இடமே மேல். குதிரையைத் தேய்த்துவிடுவது, குளம்புக் குழியிலுள்ள மண்ணைக் கொக்கியால் குதிகாலிலிருந்து முனைநோக்கிச் சுரண்டி எடுப்பது, சேணத்தின் வயிற்று வாரை இறுக்குவது ஆகியவற்றைக் கற்றுத்தந்துவிட்டு, பிறகு நீண்ட கயிற்றின் ஒரு முனையில் குதிரையையும் மறுமுனையில் பயிற்றுநரையும் வைத்து வட்டமாக நடக்கவிடுவார்கள். குதிரையை நிறுத்துவதும் திருப்புவதும் அவர் பொறுப்பு. உட்கார்ந்திருப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. அதுவே முதல் நாளுக்குப் போதும் போதுமென்றாகிவிடும்.

நான் இருபது வயதில் நன்றாகக் குதிரை ஓட்டியவன். இப்போது 52. முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மீண்டும் ஏற விரும்புகிறேன். எனக்கும் தொடக்கநிலைப் பயிற்சி வேண்டுமா?

வேண்டும். எந்தப் பயிற்றுநரைக் கேட்டாலும், புதிதாக வருபவரைவிடத் திரும்பி வருபவரைக் கண்டுதான் தமக்கு அதிகப் பயம் என்பார். புதியவர் தமக்கு ஒன்றும் தெரியாது என்பதை அறிந்திருக்கிறார். திரும்பி வருபவரின் மனம் இருபது வயதில் செய்ததை அப்படியே நினைவில் வைத்திருக்கிறது. இடுப்பும் உள்தொடைத் தசைகளும் அதை எப்போதோ மறந்துவிட்டன. நான்காம் நாள் பழைய தைரியம் வந்துவிடும், பழைய வலிமை வர நான்கு மாதமாகும். அந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

அறுபத்துநான்கு வயதாகும் எனக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை செய்து ஓராண்டாகிறது. நடக்கிறேன், மாடிப்படி ஏறுகிறேன். குதிரை ஏறலாமா? ஏறினால் இறங்குவது எப்படி?

இரண்டாவது கேள்விக்காக உங்களைப் பாராட்டுகிறேன். ஏறுவதைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம். இறங்குவதைப் பற்றிக் கேட்பவர் அரிது.

உங்கள் அறுவை மருத்துவரிடம் "ஏறலாமா" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்த உயரத்திலிருந்து இந்த முழங்கால்மீது விழுந்தால் என்னவாகும்" என்றும் கேளுங்கள். அவர் தரும் பதில் ஏறலாம் என்பதாக இருந்தால், மற்றவை ஏற்பாட்டின் வேலையே.

ஏறுவதற்கு ஏறுமேடையைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட எதுவுமில்லை. தரையிலிருந்து அங்கவடியில் கால் வைத்து உந்தி ஏறும்போது ஏறுபவரின் எடை முழுவதும் ஒரு பக்கமாகத் தொங்குவதால் சேணம் முறுக்கிக்கொண்டு குதிரையின் முதுகெலும்பை அழுத்துகிறது. ஆகவே இளைஞர்களும் மேடையிலிருந்தே ஏற வேண்டும் என்பது என் கட்சி. மரபாக ஏறும் இடப்பக்கமே உங்களுக்குச் சாதகம்: நல்ல காலான இடது கால் அங்கவடியில் தாங்க, வலது கால் குதிரையின் பின்புறத்தைத் தாண்டி வர வேண்டும். அதற்குத் தேவை முழங்காலின் மடிப்பைவிட இடுப்பின் விரிவே. ஏறிய பின் அங்கவடி வாரை இரண்டு துளை நீளமாக விட்டுக்கொண்டால் முழங்கால் குறைவாக மடங்கும், வலியும் குறையும்.

இறங்கும்போது, முதலில் இரண்டு பாதங்களையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு பாதம் மாட்டிக்கொண்டிருக்கும்போது குதிரை நகர்ந்தால் இழுபட நேரும். பிறகு முன்னால் சாய்ந்து, பிடரியைப் பற்றிக்கொண்டு, வலது காலைப் பின்னால் சுழற்றி, வயிறு சேணத்தில் உரச மெதுவாக வழுக்கி இறங்குவது வழக்கமான முறை. தரை வரை வழுக்கினால் கடைசி ஓரடியில் முழு எடையும் முழங்காலில் இடிக்கும். அதனால் குதிரையை மேடையருகே கொண்டுவந்து நிறுத்தி, மேடைமேலேயே இறங்கப் பழகுங்கள். மேடையருகே அசையாமல் நிற்கும் குதிரை வேண்டும். அப்படி நிற்காத குதிரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்களுக்கு உரியதன்று.

டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த நிலையில், பிறர் தூக்கிவிட்டுத்தான் குதிரையில் ஏறினார். டிரெஸ்ஸாஜ் என்னும், குதிரையை நுட்பமான குறிப்புகளால் அசைவித்துக் காட்டும் போட்டி பெண்களுக்கும் திறந்துவிடப்பட்ட 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலேயே வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1956இல் மீண்டும் பெற்றார்.

என் எடை 94 கிலோ. குதிரைக்குப் பாவமாக இருக்குமோ?

ஏறுபவரின் எடை, உடை, சேணம் எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. சேணமும் காலணியும் தலைக்கவசமும் சேர்ந்து பத்துக் கிலோவைத் தொடும் என்பதால் உங்கள் கணக்கு 104 கிலோ. அதற்கு 520 கிலோவுக்குக் குறையாத குதிரை வேண்டும். இன்னும் சமநிலை கூடாதவர் தொம்மென்று உட்காருவார் என்பதால் அதற்கும் பெரிய, முதுகு அகன்ற குதிரையாகக் கேளுங்கள். நல்ல பள்ளியில் உங்களைக் கேட்காமலே எடை பார்ப்பார்கள். அதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு முன் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இப்போது ஆறிவிட்டது. ஆனால் சேணத்தில் உட்கார்ந்ததும் கை நடுங்குகிறது. 49 வயதில் இந்தப் பயத்தைப் போக்கிக்கொள்ள முடியுமா?

"விழுந்தவுடன் மறுபடி ஏறிவிட வேண்டும்" என்று உங்களிடம் யாரேனும் சொல்லியிருப்பார்கள். தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் அந்த அறிவுரை ஆபத்தானது. அடிபடாதவருக்கும் அது எப்போதும் பலிப்பதில்லை. எனக்குப் பலிக்கவில்லை. நான் 51 வயதில், குதிரை நின்றுகொண்டிருந்தபோதே விழுந்தேன். வேலியின்மேல் உலர்த்தியிருந்த துணி காற்றில் படபடத்தது. குதிரை ஒரே ஓர் அடி பக்கவாட்டில் தாவியது. நான் இருந்த இடத்தில் குதிரை இல்லை. பார்த்தவர்கள் சிரித்துவிட்டுத் தூக்கிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் மறுபடி ஏற்றியும் விட்டார்கள். அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

பயந்த உடல் சேணத்தின்மேல் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது எனக்கு உதவியது. மூச்சு நிற்கிறது; முழங்கால்கள் மேலேறிக் கவ்வுகின்றன; உடல் முன்னால் குவிகிறது; குதிகால் குதிரையின் விலாவில் அழுந்துகிறது. இவற்றில் கடைசி இரண்டும் "வேகமாகப் போ" என்பதற்குக் குதிரை கற்றிருக்கும் குறிப்புகள். நாம் நிற்கச் சொல்வதாக நினைத்துக்கொண்டு போகச் சொல்கிறோம், கடிவாளத்தையும் சேர்த்துப் பின்னால் இழுக்கிறோம். ஓர் ஈ உட்கார்ந்தாலே அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும் விலங்கு அது. உங்கள் நடுக்கம் அதற்குத் தெரியாமலிருக்க வழியே இல்லை.

ஆகவே மூச்சிலிருந்து தொடங்குங்கள். நான் செய்தது, எண்ணிக்கையை உரக்கச் சொன்னபடி நடப்பது. பாடத் தெரிந்தவர்கள் பாடலாம். வாய்விட்டு ஒலியெழுப்பும்போது மூச்சை அடக்கிவைக்க முடியாது. அடுத்து, மூன்று வாரம் ஏறவே வேண்டாம். குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அதன் தோளருகே நடங்கள், நில்லுங்கள், பின்வாங்கச் சொல்லுங்கள், தரையில் போட்ட மரக்கழிகளைத் தாண்டிக் கூட்டிச் செல்லுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். அதன் காதுகள் எந்தச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பார்த்துப் பார்த்து, அது எதைக் கண்டு துணுக்குறும் என்பது ஒரு நொடி முன்பே உங்களுக்குத் தெரியவரும். என் பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். காற்றடிக்கும் நாளில் வேலியில் துணி கிடக்கிறதா என்று இன்றும் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.

குதிரைக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்கிறார்கள். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?

"குதிரைக்குப் பத்து முழம்" என்று நம் பழமொழி அளந்தே சொல்லியிருக்கிறது. கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் குதிரைக்கு ஏறத்தாழ 350 பாகை பார்வை உண்டு. நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் உள்ள சிறு இடைவெளிகள் மட்டுமே அதற்குத் தெரியாதவை. தோள்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே நெருங்குங்கள். பின்புறமாகக் கடந்தே ஆக வேண்டுமென்றால் ஒன்று பத்து முழம் தள்ளிப் போங்கள், அல்லது அதன் உடலில் கைவைத்தபடி ஒட்டி உரசிப் போங்கள். ஒட்டி நிற்பவர்மீது உதை விசையெடுக்க இடமிராது. இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் கெட்ட இடம்.

ஓராண்டாகப் பழகுகிறேன். பயிற்றுநர் கேன்டருக்கு, அதாவது மிதமான பாய்ச்சலுக்கு, போகலாம் என்கிறார். எனக்கோ சும்மா நடந்துகொண்டிருப்பதே பிடித்திருக்கிறது. 61 வயதில் இது சோம்பேறித்தனமா?

இந்தக் கடிதத்துக்காகவே இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டேன் என்று சொல்லத் தோன்றுகிறது. நடையைக் குதிரையேற்றத்தின் அரிச்சுவடி என்று எண்ணித் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது வயதானவர்களுக்கென்றே வைத்திருக்கும் தனி விருந்தாகத் தெரிகிறது. இளையவர்களுக்கு அதில் தங்கப் பொறுமை இருப்பதில்லை.

டிராட் என்னும் துள்ளோட்டத்தில் இரண்டு தாளம்; கேன்டரில் மூன்று; நடையிலோ நான்கு. இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே மண்ணைத் தொடுகின்றன. அந்த அசைவு நம் இடுப்பை முன்பின்னாகவும் மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் ஒருசேர நகர்த்துகிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் ஏறத்தாழ அப்படியே. பக்கவாதம் வந்தவர்களுக்கும் மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்கும் குதிரைமேல் அமர்த்திச் சிகிச்சையளிப்பதன் அடிப்படை இதுதான். தன் காலால் சீராக நடக்க இயலாத ஒருவரின் இடுப்பு, குதிரைமேல் இருபது நிமிடம் சீராக நடக்கிறது.

அடுத்த வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். பயிற்றுநர் குதிரையைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் இடது இருக்கையெலும்பு சற்றுத் தாழ்ந்து முன்னால் போவதை உணரும்போதெல்லாம் "இப்போது" என்று சொல்லுங்கள். அந்தக் கணத்தில் குதிரையின் இடது பின்னங்கால் தரையைவிட்டு எழுந்து முன்னே வந்துகொண்டிருக்கும். முதல் நாள் பத்துக்கு இரண்டு முறை சரியாகச் சொல்வீர்கள். எட்டு முறை சரியாகச் சொல்லும் நாளில், அந்தக் கால் காற்றில் இருக்கும்போதே உங்கள் கெண்டைக்காலால் மெல்ல ஒரு தொடுதல் கொடுங்கள்; அடி சற்று நீளும். கால் தரையில் ஊன்றிய பின் அதே தொடுதலைக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. உதைத்தும் தட்டியும் பெற முடியாததை நேரம் பார்த்துக் கேட்டால் குதிரை தந்துவிடுகிறது. எனக்கு அது புரிய நான்கு ஆண்டுகளாயின. நான் பழகிய கிழப் பெண்குதிரை நான்கு ஆண்டுகளும் அதற்காகக் காத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பயிற்றுநர் அழைப்பதில் ஒரு காரணம் உண்டு. வெருண்ட குதிரை நம் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு கேன்டரில் பாயாது. வேலியிட்ட களத்தில், நம்பகமான குதிரைமேல், ஐந்தாறு முறையேனும் அந்த வேகத்தை உடல் அறிந்திருப்பது நல்லது. அதன்பின் வாழ்நாள் முழுதும் நடந்துகொண்டேயிருக்கலாம். முதுகுவலிக்காரராக இருந்து, கொஞ்சம் வேகமும் வேண்டுமென்றால், ஐஸ்லாந்துக் குதிரையைப் போன்ற இனங்களில் ஏறிப் பாருங்கள்; அதன் டோல்ட் என்னும் நடையில் ஒரு கால் எப்போதும் மண்ணில் இருப்பதால் குலுக்கலே தெரியாது.

பன்னிரண்டு ஆண்டுக்கு முன் வாங்கிய தலைக்கவசம் புதிது போலவே இருக்கிறது. போடலாமா?

கூடாது. உள்ளே இருக்கும் நுரைப்பொருள் கண்ணுக்குத் தெரியாமல் தேய்கிறது; ஐந்தாண்டுக்கொரு முறை மாற்றுவதே பொதுவான அறிவுரை. ஒரு முறை அடிபட்டிருந்தால், கீறல் தெரியாவிட்டாலும், அன்றே மாற்ற வேண்டும்.

எனக்கு 60 வயது. ஐந்து வயதுக் குதிரை ஒன்று விலைக்கு வருகிறது. "இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

இருவருக்கும் நீச்சல் தெரியாது, சேர்ந்தே ஆற்றில் இறங்கலாம் என்பது போன்ற யோசனை இது.

முதலில் கணக்குப் போடுங்கள். நன்றாகப் பராமரிக்கப்படும் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். இன்று ஐந்து வயதான குதிரைக்கு 25 ஆகும்போது உங்களுக்கு 80. தினமும் 25 முதல் 50 லிட்டர் தண்ணீர் குடித்து, ஏறத்தாழ 20 கிலோ லத்தி போட்டு, ஆறேழு வாரத்துக்கொரு முறை குளம்பு செதுக்கக் கேட்கும் ஒரு விலங்கை அப்போது யார் பார்த்துக்கொள்வார் என்பதற்கு, ஒரு மனிதரின் பெயர் உங்களிடம் பதிலாக இருக்க வேண்டும்.

பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையுள்ள, பல பேரைச் சுமந்து பழகிய குதிரையைத் தேடுங்கள். நமக்குத் தெரியாதது அதற்குத் தெரிந்திருக்கும். நாம் தவறு செய்யும்போது அது தவறு செய்யாமலிருக்கும். அதையும் உடனே வாங்காமல், வேறொருவர் குதிரையை வாரத்தில் இரண்டு மூன்று நாள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் ஓராண்டு ஓட்டிப் பாருங்கள். பிறகும் வாங்குவதென்றால், விற்பவருக்குத் தொடர்பில்லாத கால்நடை மருத்துவர் பார்த்த பின்னரே முன்பணம்.

எனக்கு 73 வயது. முப்பது ஆண்டு ஏறினேன். இனிமேல் ஏறவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். லாயத்துப் பக்கம் போகவே மனமில்லை. என்ன செய்யட்டும்?

மருத்துவர் ஏறக் கூடாது என்றார். போகக் கூடாது என்றாரா?

வண்டி ஓட்டுவதைப் பற்றி அவரிடமே கேட்டுப் பாருங்கள். பிரிட்டன் இளவரசர் ஃபிலிப் தம் ஐம்பதாவது வயதில் போலோவை விட்டபோது குதிரை வண்டியோட்டத்துக்கு மாறி, அதன் போட்டி விதிகளை வகுப்பதிலும் பங்கெடுத்து, தொண்ணூறைத் தாண்டியும் கடிவாளம் பிடித்தார். வண்டியும் கவிழும் என்பதால் அதற்கும் அனுமதி கிடைக்காமல் போகலாம். அப்போதும், நீண்ட வாரைப் பிடித்துக் குதிரைக்குப் பின்னால் நடந்தே அதற்குப் பாடம் சொல்லும் முறை இருக்கிறது. முப்பது ஆண்டு ஏறியவரின் கை அதற்குத் தங்கமாகப் பயன்படும்.

அதற்கும் உடல் இடங்கொடுக்காத நாளில், ரப்பர்ச் சீப்பை எடுத்துக்கொண்டு போங்கள். எல்லாக் குதிரைக்கும் தோளுக்கு மேலே, பிடரி முடிகிற இடத்தில் ஒரு சுகமான புள்ளி உண்டு. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வதும் அங்கேதான். வட்டமாக, சற்று அழுத்தித் தேயுங்கள். முதலில் கழுத்து தாழும். பிறகு கண் பாதி மூடும். மேலுதடு நீண்டு, ஒரு பக்கமாகக் கோணி, நடுங்கத் தொடங்கும். அது தலையைத் திருப்பி உங்கள் தோளை உதட்டால் திருப்பிச் சொறியப் பார்க்கும். பல் படாதபடி சற்றே விலகி நின்றுகொள்ளுங்கள், தேய்ப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.